கரடியின் மூன்றாவது ரீல்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஒரு போன். இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் பழைய ஃபைல்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். அதில் என் பெயருக்கு ஒரு மெமோ அகப்பட்டிருக்கிறது. ஒரு பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டது: "சார், 'அனுமதியின்றிக் கரடியின் மூன்றாவது ரீலை ஓட்டியமைக்கு விளக்கம் தருக'ன்னு போட்டிருக்கு. இன்னா சார், சர்க்கஸ்லயா வேல பாத்தீங்க?"

சர்க்கஸில் இல்லை தம்பி, படவண்டியில். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட சர்வீஸில் நான் வாங்கிய மெமோ அது ஒன்றுதான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் இவ்வளவு வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்குக் குடைக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து, வந்து போகிற ஆட்களைப் போலப் பேசிக்காட்டுவேன். ஒருமுறை வாசல்வரை போன ஆள் தன் குரலைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார். அத்தாவுக்குக் கோபமான கோபம். "அடே ரஹீமு, கொட விக்கிறியா, வர்ற ஆள விக்கிறியா?" என்று குடைக் கம்பியை எடுத்தார். அந்த வாய்தான் பிறகு எனக்குச் சோறு போட்டது, அந்த வாயால்தான் மாட்டிக்கொள்ளவும் செய்தேன்.

சர்க்கார் படவண்டியில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது, ஆறு வாரம் டிரெய்னிங். ப்ரொஜெக்டரில் பிலிமைக் கோக்கிறது, லென்ஸுக்குப் பின்னால் பிலிம் நுழைகிற கேட்டுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு விரல் அளவுக்குத் தொளதொளவென்று பிலிமை விடுகிறது, அறுந்தால் சுரண்டிப் பசை போட்டு ஒட்டுகிறது. அவ்வளவுதான். பிறகு ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், டிரைவர் ஏழுமலை, நான். ரிஷிவந்தியம், நைனார்பாளையம், மலைமேல் கரியாலூர் என்று ஊர் ஊராகச் சுற்றினோம். எங்கள் துறைக்கு மலையில் பள்ளிக்கூடங்களும் இருந்தன. பள்ளிக்கூடங்களையும் படவண்டியையும் ஒரே அதிகாரிதான் பார்த்தார், சிவஞானம் சார்.

சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதுகிற பேனா, இன்னொன்று இரவல் கேட்கிறவர்களுக்காக வைத்திருக்கிற எழுதாத பேனா. கோபம் வந்தால் எல்லோருக்கும் மரியாதை குறையும், அவருக்கு ஏறும். "வா ரஹீமு" என்றால் அன்று எனக்கு நல்ல நாள். "வாங்க ரஹீம், உக்காருங்க" என்றால் உட்காரக்கூடத் துணிய மாட்டேன். ஒரே ஒருமுறை ஒரு பியூனைத் "தாங்கள்" என்றார். அவன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் வந்தது. வீடுகளுக்கு டிவி வந்திராத நேரம். குழந்தை குட்டியோடு குடும்பம் பார்க்கிற படம், மூன்று ரீல். என்ன மொழி என்று ஆபீஸில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால் படத்தின் சத்தத்தை அடக்கிவிட்டு மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டியது ஆபரேட்டர் வேலை. கதை இதுதான். மலை மேல் ஒரு கிழட்டுக் கரடி. அது கீழே இறங்கி வந்து ஆடுகளின் கழுத்து மணிகளை எல்லாம் திருடிக்கொண்டு போய்விடுகிறது. மணி இல்லாத ஆடுகள் பனிமூட்டத்தில் வழி தவறிப்போகின்றன. ஆடு மேய்க்கிற ஒரு சிறு பெண் மலையேறிப் போய்க் கரடியைக் கட்டிப் போடுகிறாள். அத்தோடு இரண்டாவது ரீல் முடிந்தது.

மூன்றாவது ரீலைச் சார் போடவே விடவில்லை. பெட்டியோடு வந்த இங்கிலீஷ் கதைச் சுருக்கத்தைப் படித்துப் பார்த்திருந்தார். "கெட்டவன் கண்ணுல தண்ணி வர்றத காட்டினா புள்ளைங்க மனசு கொழம்பிடும். ரெண்டோட நிறுத்திக்குங்க ரஹீம்" என்றார். "நிறுத்திக்குங்க" என்று வந்துவிட்டதால் நான் எதிர்த்துப் பேசவில்லை. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டோடு நிறுத்தினால் சுற்றிக் கட்டுகிற வேலை கம்மி. எட்டு மாதம் அந்தக் கரடிக்கு நான் வாய் கொடுத்தேன், ஆனால் அதன் முடிவு என்ன என்று பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. சோம்பேறித்தனம்தான்.

வசனம் சார் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண், "ஓ கரடியே! பிறர் பொருளைக் கவர்தல் தகுமோ?" என்று கேட்பாள். கரடிக்கு நாலு இடத்தில் 'கரடி உறுமுகிறது' என்று மட்டும் இருந்தது. திரையிலே கரடி வாயை வாயைத் திறந்து அரைமணி நேரம் பேசுகிறது. நாலு உறுமலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன்.

ஒரு ஊருக்குப் போனால் திரை கட்டுகிறதற்கு முன்னால் பிள்ளைகளிடம் கேட்பேன்: "உங்க ஊர்ல ரொம்பக் கோவக்காரர் யாரு?" எல்லாப் பிள்ளையும் ஒரே ஆளைத்தான் காட்டும். அந்த ஆள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று அவர் பேச்சைக் கேட்டுக்கொள்வேன். அன்றைக்குக் கரடி அவர் குரலில் பேசும். நைனார்பாளையத்தில் ஒரு டீக்கடைக்காரர் மாதிரிப் பேசினேன். சனம் புரண்டு புரண்டு சிரித்தது. அவரும்தான் சிரித்தார், எங்களுக்கு டீ கொடுத்துக் காசு வாங்கவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கூட்டம் எப்போதும் கரடி பக்கம்தான் இருந்தது. நல்லவளான அந்தப் பெண் பேப்பரைப் படிக்கிற மாதிரிப் பேசினாள். கெட்டவனான கரடிதான் அவர்கள் வீட்டு ஆள் மாதிரி, "இன்னாடி மெரட்ற? மணி இன்னா உங்கப்பன் வூட்டு மணியா?" என்றது. பிள்ளைகளுக்குக் கரடியைப் பிடித்துப் போனதில் என்ன ஆச்சரியம்? ஆனாலும் அதைக் கட்டிப்போடும்போது கை தட்டுவார்கள். பிடித்தும் இருக்க வேண்டும், கட்டியும் போட வேண்டும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

ஒரு ஐப்பசியில் மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனோம். பெயர் வேண்டாம். போகிற வழியிலேயே ஏழுமலை சொன்னான், மறுநாள் சிவஞானம் சாரும் அங்கே வருகிறார், விசாரணை இருக்கிறது என்று. பள்ளியின் வாட்ச்மேன் கோவிந்தன் பிள்ளைகளைக் குச்சியால் அடிக்கிறான், வீட்டுக்குப் போகவிடாமல் மறிக்கிறான் என்று பெற்றவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். ருசுவானால் வேலை போய்விடும். ஐம்பது வயதைத் தாண்டியவர், சொந்த ஊர் ரிஷிவந்தியம். காடு கரை எதுவும் இல்லாத கூலிக் குடும்பம்.

நான் என் வழக்கப்படி பிள்ளைகளிடம் கேட்டேன். நாற்பது கையும் ஒரே பக்கம் நீண்டன. கேட் பக்கத்தில் முட்டிவரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மூங்கில் குச்சியோடு கோவிந்தன் நின்றிருந்தார். கேட்டைத் தாண்டி ஒரு பிள்ளை கால் வைத்தது. உடனே சத்தம்: "ஏய்! எங்க போய்க்கினு கீற? மழ வருது, திரும்பி வா!" கடைசி 'வா'வில் குரல் உடைந்து மேலே ஏறியது. வானத்தைப் பார்த்தேன். பளீரென்று வெயில்.

"எப்பவுமே இப்பிடித்தாங்க," என்றாள் பொன்னி என்று ஒரு பெண், பத்து வயது இருக்கும். "சித்திரையில கூட மழ வருதும்பாருங்க." ஆடுசதையில் தடிப்பாக ஒரு வீக்கம் இருந்தது அவளுக்கு. அந்த மனுவில் முதல் கைநாட்டு அவள் அப்பாவுடையது.

எனக்கு இதைவிட நல்ல சரக்கு வேறெங்கே கிடைக்கும்? பகல் இரண்டு மணிக்குப் பெரிய ஹாலில் ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினோம். நாங்கள் கொண்டுபோன வெள்ளை வேட்டியைத் திரையாக்கி, காற்றில் ஆடாமல் இருக்கக் கீழ்முனையில் செங்கல் கட்டினோம். சத்தம் கேட்காமல் இருக்க ஜெனரேட்டரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்தோம். படம் ஓடியது. மணியைத் திருடிக்கொண்டு போகிற கரடி திரும்பிப் பார்த்து வாயைத் திறந்ததும் நான் மைக்கில் விட்டேன்: "ஏய்! எங்க போய்க்கினு கீற? மழ வருது, திரும்பி வாஆஆ!"

ஹாலே இடிந்துவிடும் போலச் சிரிப்பு. கரடி வாயைத் திறந்த இடத்திலெல்லாம் அதையே போட்டேன். கடைசியில் கரடியைக் கட்டியதும் பிள்ளைகள் எழுந்து நின்று குதித்தார்கள். கம்பளியை அவிழ்த்து வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன், பின்சுவரை ஒட்டிக் கோவிந்தன் நின்றிருந்தார். வெளியே போகிற பிள்ளைகள் அவரைத் தாண்டும்போது, "கரடி! மழ வருது!" என்று கத்திவிட்டு ஓடின. நாளைக் காலையில் இந்தப் பிள்ளைகளைத்தான் சார் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அன்று சாயங்காலம் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பை இறக்க முடியவில்லை, அங்கேயே தங்கினோம். நான் ஹாலில் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோவிந்தன் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் பெட்டியைக் காட்டி, "பாய், அந்தக் கரடிக்கு அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன்.

"நீதான பேசின. உனுக்கே தெரியாதா?"

"இன்னொரு ரீல் இருக்குதுங்க. போட்டது இல்ல."

"அது எதுக்கு மணி திருடுச்சு?"

அதுவும் தெரியாது. எட்டு மாதம் அதைத் திருடன் திருடன் என்று காட்டியிருக்கிறேன், எதற்குத் திருடியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. "ஒங்கள மாதிரிப் பேசிட்டேங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

"நல்லாத்தான் பேசின," என்று தரையில் உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார். "எம் புள்ளையும் இங்கதான் படிச்சான். சேகரு. ரெண்டாவது. அவங்கம்மாவ பாக்கணும்னு ஒரு நாளு கேட்டத் தாண்டிப் போனான். நான் சமையக்கட்டுல டீ குடிச்சிக்கினு இருந்தேன். போறத பாத்தேன் பாய். தூரத்துல மோடம் போட்டுக்கினு இருந்திச்சு. வந்துடுவான், எங்க போவப் போறான்னு கம்முனு இருந்துட்டேன். கூப்புடல. மேல பேஞ்ச மழ, ஓடையில தண்ணி வந்துடுச்சு."

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். அப்போது இருந்த வாத்தியார்கள் எல்லாம் மாறிப் போய்விட்டார்கள், இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. "அதான் எல்லாத்தையும் கூப்புட்றேன்," என்றார்.

"நாளைக்கு இத சார்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

"இத சொல்லியா வேல கேப்பாங்க?" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, என்மேல். குடைக்கடையில் 'வர்ற ஆள விக்கிறியா' என்று அத்தா கேட்டது இருபது வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சார் பதினோரு மணிக்கு வருவார். விடிந்ததும் ஹெட்மாஸ்டரிடம் போய், ஒன்பது மணிக்கு இன்னொரு ரீல் ஓட்டுகிறேன், நேற்று விட்டுப்போனது என்றேன். அவர் ஒன்றும் அறியாத மனிதர், சரி என்றார். முதலில் போட்டுப் பார்க்க நேரமில்லை. பார்க்காத ரீலுக்கு வசனம் சொல்லப் போகிறேன் என்ற பயத்தில் பிலிமை இரண்டு தடவை கழற்றிக் கோத்தேன்.

படம் ஆரம்பித்தது. கரடியைக் கட்டிப்போட்டுவிட்டு அந்தப் பெண் குகைக்குப் போகிறாள். வாசலில் ஒரு பெரிய மரம். திருடின மணி எல்லாம் கிளைக்குக் கிளை தொங்குகிறது. நான் மைக்கில் "அடேங்கப்பா" என்றேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பழைய கதை வருகிறது. கரடிக்கு ஒரு குட்டி. பனியில் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் போகிறது, கரடி தேன் நக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறது. பனி மூடிக்கொள்கிறது. குட்டி வரவில்லை. சத்தம் கேட்டாவது வழி தெரிந்து வரட்டும் என்றுதான் கரடி ஒவ்வொரு மணியாகக் கொண்டுவந்து கட்டியிருக்கிறது.

திரையில் கரடி மலை விளிம்பில் நின்று, பனியைப் பார்த்து, வாயைப் பெரிதாகத் திறந்தது. பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்த வசனத்துக்குக் காத்துக்கொண்டு. மைக் கையில் இருக்கிறது. ஒரு வார்த்தை வரவில்லை.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஏய்! எங்கடா போய்க்கினு கீற? மழ வருதுடா, திரும்பி வா! சேகரு, திரும்பி வாடா!"

இரண்டு மூன்று பிள்ளைகள் பழக்கத்தில் சிரித்தன. பிறகு அது மைக்கில் வரவில்லை என்று தெரிந்து எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. கோவிந்தன் சுவரோரம் நின்றிருந்தார். குச்சி கீழே கிடந்தது.

பொன்னிதான் கேட்டாள். "சேகரு யாருங்க? நம்ம ஸ்கூல்ல சேகருன்னு யாரும் இல்லியே?"

"எம் புள்ள," என்றார் கோவிந்தன்.

படம் அதுபாட்டுக்கு ஓடி முடிந்தது. குட்டி கடைசிவரை வரவில்லை. அந்தப் பெண் கரடியை அவிழ்த்துவிடுகிறாள். ஆடுகளுக்கு மணி வேண்டுமே, அதனால் எல்லா மணியையும் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். உச்சிக் கிளையில் ஒரே ஒரு மணியை மட்டும் விட்டுவிட்டு இறங்குகிறாள். யாரும் கை தட்டவில்லை.

சார் பதினொன்றுக்குச் சரியாக வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டார். பேப்பர் எடுத்துக் கொடுக்க என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பொன்னி வந்து நின்றாள்.

"வாட்ச்மேன் உன்ன அடிச்சாராம்மா?"

"அடிச்சாருங்க." பாவாடையைத் தூக்கி வீக்கத்தைக் காட்டினாள். அவள் சொன்னது பொய்யில்லை. கரடிக்கு எவ்வளவு துக்கம் இருந்தாலும் காணாமல் போன ஆடு காணாமல் போனதுதானே.

சார் எழுதிக்கொண்டார். "யாருக்கும் பயப்படாத. அவர இங்கேருந்து அனுப்பிடலாமா?"

அவள் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள்.

"அவரு இருக்கட்டுங்க," என்றாள். "குச்சிய மட்டும் வாங்கிக்குங்க."

சார் பேனாவை மூடி வைத்தார். இது அவளாகச் சொல்கிறதா, யாரும் சொல்லிக்கொடுத்ததா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் அசையவில்லை. அடுத்து வந்த பிள்ளைகளும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னார்கள். ஒரு சின்னவன் நடந்ததை எல்லாம் மூன்றாவது ரீல் உட்பட ஒப்பித்துவிட்டான். சார் என் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க ரஹீம்" என்றார். வாங்க போங்க என்று வந்துவிட்டதே, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

கோவிந்தனைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு பிள்ளை மேல் கை பட்டாலும் வேலை போய்விடும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பெற்றவர்களைத் தானே போய்ப் பார்த்து, பொன்னியின் அப்பாவிடம் கோவிந்தனை மன்னிப்புக் கேட்க வைத்தார். குச்சியை வாங்கி எங்கள் ஜீப்பில் போட்டார்.

மெமோ அடுத்த வாரம் வந்தது. விளக்கம் என்று அதன் கீழேயே நான் எழுதியது ஒரே வரி: "கரடிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை." சார் அதைப் படித்துவிட்டு ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ரஹீமு, அடுத்த வாரம் ரிஷிவந்தியம் போற. மூணு ரீலையும் எடுத்துக்கினு போ" என்றார். 'நீ' போட்டுவிட்டார். உங்களுக்கு அகப்பட்ட காகிதத்தின் ஓரத்தில் அந்தப் 'பார்த்தேன்' இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

அதற்குப் பிறகும் ஊர்ப்பேச்சில்தான் கரடிக்குப் பேசினேன். ஆனால் ஊரிலே யார் கோபக்காரர் என்று பிள்ளைகளைக் கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது என் பேத்தி பார்க்கிற கார்ட்டூன்களில் எல்லாக் கெட்டவனுக்கும் ஒரு அழுகைக் கதை வைத்துவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து அழுகிறாள். அழட்டும், நான் தடுப்பதில்லை.

அன்றைக்கு மலையை விட்டுக் கிளம்பும்போது மணி நாலு. மழை விட்டு நல்ல வெயில். கோவிந்தன் கேட்டைத் திறந்துவிட்டார். கையில் குச்சி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஜீப் கேட்டைத் தாண்டிப் பத்தடி போயிருக்கும்.

"ஏய்! மெதுவா போங்க, மழ வருது!"

பின்னால் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "மழ வருது, மழ வருது!" என்று கத்தினார்கள். நேற்றைய கத்தல் இல்லை அது. ஏழுமலை ஒரு தடவை வெயிலைப் பார்த்தான், ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு கியரைக் குறைத்து மெதுவாக ஓட்டினான்.